‘நாளைக்கு வாங்க’ என்றால் அதை எழுதித் தர வேண்டும்: இப்படி ஒரு சட்டம் வந்தால்?

தாமரைக்குளம்:
ஒரே ஒரு சட்டம் போடும் அதிகாரம் எனக்குக் கிடைத்தால் இதைத்தான் போடுவேன். தாலுகா அலுவலகம், மின்வாரியம், ரேஷன் கடை, அரசு மருத்துவமனை என்று மக்கள் வந்து நிற்கும் எந்த அரசு கவுண்டராக இருந்தாலும், வந்தவரை வேலை முடிக்காமல் திருப்பி அனுப்பினால் கையில் ஒரு துண்டுச் சீட்டு தர வேண்டும். இன்று ஏன் முடியவில்லை, அடுத்து என்றைக்கு வர வேண்டும், வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கும். கீழே தேதியும் கையெழுத்தும். சீட்டில் எழுதாத எந்தக் காகிதத்தையும் அடுத்த முறை கேட்கக் கூடாது.

மாமா இறந்தபின் அத்தை வாரிசுச் சான்றிதழுக்கு நடந்ததைப் பார்த்ததிலிருந்து இது மனதில் இருக்கிறது. முதலில் ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள். கொண்டுபோனால், ஆதாரில் இனிஷியல் வேறாக இருக்கிறது என்றார்கள். அதைத் திருத்திக்கொண்டு போனால் ‘ஐயா கேம்ப் போயிருக்கார், நாளைக்கு வாங்க’. அத்தை கூலி வேலைக்குப் போகிறவர். நூறு நாள் வேலைக்கே 2025-26இல் நாள் கூலி 336 ரூபாய். ஒவ்வொரு ‘நாளைக்கு’ம் அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும். அதைவிட, துக்கம் ஆறாத ஒருத்தி எல்லோர் முன்னாலும் குற்றவாளி மாதிரி கைகட்டி நின்றது எனக்குத் தாங்கவில்லை.

நடுப்பக்கம்:
நான் வருவாய்த் துறையில் வேலை பார்க்கிறவன். உங்கள் அத்தைக்கு நடந்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சட்டம் வேண்டாம் என்பேன்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் ‘கூடுதல் பொறுப்பு’ என்று சேர்த்துப் பார்க்கிறார். வாக்காளர் பட்டியல் வேலையும் அவருக்கு வரும். மழை வந்தால் பயிர்ச்சேதக் கணக்கும் அவர்தான். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்றால் பாதிப் பேர் கலெக்டர் அலுவலகத்தில் இருப்பார்கள். மிச்சமிருக்கும் ஓர் ஆள் வருகிறவர்களுக்கெல்லாம் சீட்டு எழுதிக்கொண்டிருந்தால் வேலையை யார் செய்வது?

இன்னொன்று. மனு கொடுத்தால் 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று 2015லேயே அரசாணை இருக்கிறது. இருக்கிற விதிக்கு ஆளும் நேரமும் கொடுக்காமல் மேலே ஒரு சட்டத்தை ஏற்றினால், சுமை கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளர் தலையில்தான் விழும்.

புளியமரம்:
நானும் எதிர்ப்புத்தான், காரணம் வேறு. மரியாதை மனதில் இருந்து வர வேண்டியது. சட்டம் போட்டால் மரியாதை வராது, தப்பிக்கும் வழிதான் வரும்.

தகவல் உரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் வந்த அருமையான சட்டம். 30 நாளில் பதில் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். எனக்கு வந்த பதில்கள் பலவும் கெடு முடியும் நேரத்தில் வந்தவை, ‘கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு. கெடு காப்பாற்றப்பட்டது, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் சட்டம் வந்தால் திருப்பி அனுப்புவதற்குப் பதில் மனுவையே நிராகரித்துவிடுவார்கள். அப்போது சீட்டே தர வேண்டியதில்லையே!

ஊர்சுற்றி:
பெங்களூரில் இருக்கிறேன். கர்நாடகத்தில் ‘சகாலா’ என்று, அரசு சேவையைக் குறித்த நாளுக்குள் தர வேண்டும் என்ற திட்டம் 2012லிருந்து நடக்கிறது. இதுபோன்ற சேவை உறுதிச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது மத்தியப் பிரதேசம், 2010இல். அடுத்த ஆண்டு பீகார். மத்தியப் பிரதேசத்தில் தாமதத்துக்கு அலுவலர் மீது நாளொன்றுக்கு 250 ரூபாய், 5,000 வரை அபராதம். சகாலாவில் மனுதாரருக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் இழப்பீடு, 500 வரை.

20 ரூபாய் யாருக்கும் பெரிதில்லை. ஆனால் மனு கொடுத்ததும் ‘ஜிஎஸ்சி எண்’ என்று மனுவுக்கான அடையாள எண் ஒன்று தருகிறார்கள். அந்த எண்ணோடு போய் நிற்கும்போது நாம் கெஞ்சத் தேவையில்லை. ‘என் மனு என்ன ஆச்சு’ என்று சாதாரணக் குரலில் கேட்க முடிகிறது. எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது என்று சொல்லவில்லை. கேட்கிற குரல் மாறுகிறது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கடைத்தெரு:
புளியமரம் அண்ணா, சட்டத்தால் மரியாதை வராது என்கிறீர்கள். ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்த்தவளாக இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018இல் சட்டம் வந்தது, நம் ஊரில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி வரை நிற்பதுதான். கால் நரம்பு புடைத்துப் போகும். மாதவிடாய் நாட்களில் சேலை ரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ‘கொஞ்சம் உட்காரட்டுமா’ என்று கேட்டால் சோம்பேறி என்று பேர்.

சட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது. கொஞ்ச நாளில் அது குடோன் பக்கம் போய்விட்டது. ‘கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க’ என்பார் சூப்பர்வைசர். புகார் கொடுத்தால் வேலை போகும். அதனால் அந்தச் சட்டம் முழுசாக வேலை செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உட்காரக் கேட்பது கூச்சப்பட வேண்டிய காரியம் என்ற நினைப்பு எங்களுக்குள் போய்விட்டது. புதிதாக வந்த பிள்ளைகள் ‘அக்கா, நமக்கு சட்டமே இருக்கு’ என்று தைரியமாகப் பேசினார்கள். மனதும் அப்படித்தான் மெதுவாக மாறும்.

தாமரைக்குளம் சொல்லும் சீட்டில் எனக்குப் பிடித்தது, அது நம் கையோடு வந்துவிடும் என்பது. நாற்காலியைக் குடோனுக்குத் தள்ளலாம், நம் பையில் இருக்கும் காகிதத்தைத் தள்ள முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்ட வேண்டும், அதையும் சேருங்கள்.

நடுப்பக்கம் சார், இந்தச் சீட்டு உங்களுக்கும் பாதுகாப்புத்தானே? சர்வர் படுத்துவிட்டால் திட்டு வாங்குவது கவுண்டரில் இருப்பவர். ‘சர்வர் இயங்கவில்லை’ என்று கையெழுத்தோடு கொடுத்துவிட்டால் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

நடுப்பக்கம்:
சகோதரி, சர்வர் என்றால் எழுதலாம். உண்மையான காரணம் ‘அதிகாரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை’ என்று இருந்தால்? அதை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுநாள் எனக்கு மெமோ வரும். ஆகவே எல்லாச் சீட்டிலும் ‘நிர்வாகக் காரணம்’ என்று எழுதுவோம். அதைப் படித்து உங்களுக்கு என்ன தெரியும்?

தாமரைக்குளம்:
இதுதான் எனக்குக் கிடைத்த கனமான எதிர்ப்பு. அப்படியானால் கையால் எழுதவே வேண்டாம். காரணங்களை முன்கூட்டியே அச்சடித்துவிடலாம்: சர்வர் இயங்கவில்லை, ஒப்பமிடும் அலுவலர் இல்லை, பணியிடம் காலி, கள விசாரணை முடியவில்லை, ஆவணம் குறைவு. பொருந்துவதில் ஒரு டிக். ‘நிர்வாகக் காரணம்’ என்ற கட்டமே இருக்கக் கூடாது. டிக் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கார்பன் நகல் அலுவலகத்தில் இருக்கும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்தக் காரணத்துக்கு எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்ற கணக்கை அங்கே வாசிக்க வேண்டும். ‘பணியிடம் காலி’ என்ற கட்டத்தில் டிக் குவிந்தால், நீங்கள் ஆள் கேட்டு அனுப்பும் கடிதங்களுக்கு ஊரே சாட்சி. அபராதம் வேண்டாம். அபராதம் இல்லை என்றால் மனுவை நிராகரித்துத் தப்பிக்க வேண்டிய அவசியமும் குறையும். நிராகரித்தாலும் அதற்கும் ஒரு சீட்டு.

புளியமரம்:
அபராதம் இல்லை என்றால் அது வெறும் காகிதம். கிராம சபையில் வாசிப்பதை எத்தனை பேர் கேட்கிறார்கள்? என் யோசனை வேறு: மக்களை வரவழைப்பதையே குறையுங்கள். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025இல் தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வாசலுக்கே வரத் தொடங்கியது. கவுண்டரே இல்லாவிட்டால் கைகட்டி நிற்கவும் வேண்டாம்.

கடைத்தெரு:
மாத்திரை வீடு தேடி வரும். வாரிசுச் சான்றிதழுக்கு விசாரணை இருக்கிறது, பட்டா மாறுதலுக்கு சர்வேயர் வர வேண்டும். அதற்கெல்லாம் போய்த்தானே ஆக வேண்டும் அண்ணா? போகிறவர்களுக்கு அதுவரைக்கும் என்ன வழி?

நடுப்பக்கம்:
அச்சடித்த கட்டம், டிக், அபராதம் இல்லை என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதிக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, டிக் போட்ட ஊழியர் மீது அதற்காக நடவடிக்கை கூடாது என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு, சீட்டில் மனுதாரரின் செல் நம்பருக்கு ஓர் இடம் வையுங்கள். சொன்ன தேதியிலும் வேலை முடியாது என்று எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். கூப்பிட்டுச் சொன்னால் அவர் அந்த நாள் கூலியை விட வேண்டியதில்லை. இப்போது கூப்பிடச் சொல்லி எங்களுக்கு எந்த விதியும் இல்லை.

தாமரைக்குளம்:
இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். புளியமரம், அபராதத்துக்குப் பதில் வேறு என்ன வைத்தால் ஒத்துக்கொள்வீர்கள்?

புளியமரம்:
மூன்றாவது சீட்டு விழுந்தால் மேலதிகாரியே மனுதாரரை உட்காரவைத்து நேரில் விசாரிக்க வேண்டும். நான்காவது சீட்டுக்கு இடமே இருக்கக் கூடாது. அதை எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.