பிள்ளைக்கு உணவு அலர்ஜி இருந்தா, பள்ளி திறக்கும் முன்னாடியே பேசிடுங்க

வெளிநாட்டுக்குக் குடிவந்த புதுசுல எல்லாத்துக்கும் தயக்கமா இருக்கும். பாஷை புதுசு, "டீச்சருக்கு எதுக்குத் தொந்தரவு"ன்னு தோணும். பிள்ளைக்கு அலர்ஜி இருந்தா அந்தத் தயக்கம் மட்டும் கூடவே கூடாது.

நான் சேர்க்கைப் படிவத்துல 'வேர்க்கடலை ஆகாது'ன்னு ஒரு வரி எழுதினதோட விட்டுட்டேன். அது ஆபீஸ் ஃபைல்லயே தூங்கிடுச்சு. ரெண்டாவது வாரம், யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக்கை என் மகள் சாப்பிடாம பையில வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தா. டீச்சருக்கு விஷயமே போய்ச் சேரலைன்னு அப்போதான் தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

அதனால, நீங்க இப்போ இருக்கிற ஊர் டாக்டர்கிட்ட அவசரகாலத் திட்டம் எழுதி வாங்குங்க. எது ஆகாது, முதல்ல என்ன அறிகுறி வரும், என்ன மருந்து, யாருக்கு போன் போடணும்னு ஒரே தாள்ல, பிள்ளையோட போட்டோவோட. வகுப்பு டீச்சர், கேன்டீன், விளையாட்டு டீச்சர், பஸ்ல வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு நகல் இருக்கட்டும்.

டாக்டர் அட்ரினலின் பேனா (கடுமையான அலர்ஜிக்குப் போடுற, பேனா மாதிரி இருக்கிற ஊசி) எழுதிக் கொடுத்திருந்தா, ரெண்டு பேனாவா கேட்டு வாங்குங்க. அதைப் பூட்டின அலமாரியில வைக்கக் கூடாதுன்னு பள்ளியில சொல்லுங்க. மூச்சுத் திணறல், குரல் கம்முறது, திடீர்னு துவண்டு போறது, இதுல எது வந்தாலும் முதல் வேலை அந்த ஊசிதான். தொடையோட வெளிப்பக்கம், துணி மேலேயே போடலாம். அலர்ஜி சிரப் அரிப்பைத்தான் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. நம்மள்ல நிறைய பேர் "சிரப் கொடுத்துப் பார்ப்போம்"னு காத்திருக்கிறதுதான் எனக்குப் பெரிய பயம். பிள்ளையைப் படுக்க வைங்க. மூச்சு விட சிரமப்பட்டா உட்காரலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீங்க. 5 நிமிஷத்துல தேறலைன்னா ரெண்டாவது ஊசி. சரியாகிட்ட மாதிரி இருந்தாலும் ஆம்புலன்ஸ் வரணும், சில மணி நேரம் கழிச்சு அந்த அறிகுறிங்க மறுபடி வரலாம்.

கை கழுவ சோப்பும் தண்ணியும்தான். சானிடைசர் கடலைப் புரதத்தைப் போக்காது.

இன்னொண்ணு, இதைப் பற்றி யாரும் பேசுறதில்ல. பாதுகாப்புன்னு சொல்லி என் மகளைத் தனி மேசையில உட்கார வச்சாங்க. பாஷை தெரியாத பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரம்தான் சிநேகம் பிடிக்கிற நேரம், அதுவும் போச்சு. ஒரு மாசத்துல "பள்ளிக்குப் போகலம்மா"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. போய்ப் பேசினேன். ஆபத்தில்லாத சாப்பாடு கொண்டு வர்ற ரெண்டு பிள்ளைங்களை அவ பக்கத்துல உட்கார வச்சாங்க, அழுகை நின்னுது. யாராவது ஆகாத பொருளை முகத்துக்கிட்ட நீட்டிக் கேலி பண்ணினா, விளையாட்டுன்னு விடாதீங்க, பள்ளிக்கு எழுத்துல கொடுங்க.

"எனக்கு இது ஆகாது, மூச்சு அடைக்கும், டீச்சரைக் கூப்பிடு." இதை வகுப்பு பாஷையில வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்க. சுற்றுலான்னு கடிதம் வந்தா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேனா யார் கையில இருக்கும்னு பேர் கேட்டு வாங்கிக்கோங்க.