இடுப்பில் வைக்கும் கைத்துப்பாக்கி: நீங்கள் எதை எடுத்தீர்கள், ஏன்?

ஹூஸ்டன் வாசி:
மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இந்தியக் கடையில் கீழ்த்தட்டில் இருந்த இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைக் குனிந்து தூக்கினேன். டீ-சர்ட் பின்னால் ஏறிவிட்டது. வலது இடுப்பில் கிளாக் 19 பிஸ்டல். நிமிர்ந்து திரும்பினால், பின்னால் நின்ற பாட்டி பேரனை இழுத்துத் தன் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்கம்மா" என்று தமிழில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, இடுப்பையே பார்த்தார். தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பையனோடு வெளியே போய்விட்டார்.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்றாலும், நான் வகுப்புக்குப் போய் உரிமம் வாங்கியவன். சட்டப்படி தவறு செய்யவில்லை. ஆனால் அந்தப் பாட்டியைப் பயமுறுத்தியது நான்தானே. கிளாக் 19 சுடுவதற்கு அருமையானது, 15 தோட்டா பிடிக்கும், காலி மேகசினோடு (தோட்டா அடைக்கும் கூடு) 670 கிராம் வரும். என் உடம்புவாகுக்கு அதன் கைப்பிடிதான் சட்டைக்குள் துருத்துகிறது. சிக் பி365 என்கிற சின்ன பிஸ்டல் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன். 10 தோட்டா, அரைக் கிலோ, ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன். சின்னதுக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்.

கொங்குத்தம்பி:
அண்ணா, மாறுவதற்கு முன்னால் ஒன்று. நான் நேராகக் கடைசிப் படிக்கே இறங்கினேன். பேன்ட் பாக்கெட்டில் அடங்குகிற, .380 என்கிற சின்ன ரகத் தோட்டா போடும் குட்டி பிஸ்டல். பர்ஸ் அளவுதான் இருக்கும், வைத்திருப்பதே தெரியாது. வாங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப்போனேன். ஏழு கஜத்தில் அட்டை. ஆறு சுட்டேன், அட்டையில் இரண்டு ஓட்டைதான். மற்ற நாலும் எங்கே போயின என்று இன்றைக்கும் தெரியாது. அந்த இரண்டு மாதமும் அதை வைத்துக்கொண்டு கோவில், பூங்கா, பிறந்தநாள் விழா என்று சுற்றியிருக்கிறேன். அந்த நாலு தோட்டாவை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சின்னதாக ஆக ஆக உதைப்பு கூடும், பிடிக்க இடமும் இருக்காது, சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். இப்போது அதைவிடச் சற்றுப் பெரிய ஷீல்டு பிளஸ் பிஸ்டல் வைத்திருக்கிறேன்.

மல்லிகை:
என் கதை கடையில் நடந்தது. நான்தான் வாங்கப்போனேன், கணவர் துணைக்கு வந்தார். "ஸ்லைடு எவ்வளவு இறுக்கமாக இருக்கும்?" என்று நான் கேட்டேன். தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கிற பிஸ்டலின் மேல்பகுதிதான் ஸ்லைடு. விற்பவர் அவரைப் பார்த்து, "உங்கள் மனைவிக்கு ரிவால்வர்தான் சரி, ஸ்லைடே கிடையாது" என்றார். ஐந்து குண்டு போடுகிற சின்ன ரிவால்வரை எடுத்து அவர் கையில்தான் கொடுத்தார். நான் வாங்கி, அனுமதி கேட்டு, காலியாக ஒருமுறை டிரிகரை இழுத்துப் பார்த்தேன். பாதி வருவதற்குள் முனை ஒரு சாண் இடப்பக்கம் போய்விட்டது. அந்த வகையில் பன்னிரண்டு பவுண்டு அழுத்தம் சாதாரணம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு மணிக்கட்டில் பழைய வலி உண்டு. கடைசியில் ஷீல்டு ஈஸி என்கிற பிஸ்டலை எடுத்தேன். மாவு பிசைகிற பலம் இருந்தால் போதும், ஸ்லைடு வந்துவிடும். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி நிற்கவே இல்லை என்பதுபோல அவர் பேசியது இன்னும் உறுத்துகிறது.

ரேஞ்சுக்காரர்:
முப்பது வருடமாகச் சுடுகிறேன். ஒருமுறை பிஸ்டல் சிக்கிக்கொண்டு போட்டியில் தோற்றேன், அதோடு ரிவால்வர்தான். மல்லிகை அவர்களே, கடைக்காரர் சொன்ன விதம் தப்பு, விஷயம் தப்பில்லை. ரிவால்வரில் ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பன்னிரண்டு பவுண்டு என்பது பழக்கத்தில் சரியாகும்.

கொங்குத்தம்பி, இரண்டு மாதம் சுடாமல் வைத்திருந்தது பெரிய தவறு. புதிதாக எதை வாங்கினாலும் குறைந்தது இருநூறு தோட்டா சுடுங்கள், வைத்துக்கொள்ளப்போகிற அதே ஹாலோ பாயின்ட் (முனையில் குழிவான) தோட்டாவையும் சேர்த்து. பாக்கெட்டில் வைத்தாலும் உறை வேண்டும், டிரிகரை முழுக்க மூடுகிற உறை. சாவியும் சில்லறையும் அதே பாக்கெட்டில் இருக்கவே கூடாது. துணி பெல்ட் வேண்டாம், அது தொய்ந்தால் எவ்வளவு சின்னத் துப்பாக்கியும் வெளியே சாயும். வாங்கியதும் காலியாக ஒரு வாரம் வீட்டுக்குள் கட்டிக்கொண்டு உட்காருங்கள், குனியுங்கள். ஹூஸ்டன் வாசி, இதைச் செய்திருந்தால் அந்த அரிசி மூட்டைச் சம்பவம் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. இங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் எச்1பி. அந்த மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாக இடம் கொடுக்காது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேளுங்கள், நண்பனிடம் கேட்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை கிடையாது. பெண்களுக்குக் கைப்பையே வசதி என்பது என் கருத்து.

மல்லிகை:
சார், மற்றதெல்லாம் சரி. கைப்பை வேண்டவே வேண்டாம். என் தோழி வீட்டில், மிட்டாய் தேடி நாலு வயதுக் குழந்தை அவள் பைக்குள் முழங்கை வரை கையை விட்டதை நேரில் பார்த்தேன். பழகினால் பன்னிரண்டு பவுண்டும் வரும் என்றீர்கள். என் மணிக்கட்டு வராது. குர்தாவுக்குள் வயிற்றுப்பட்டையில், டிரிகரை மூடிய உறையோடு வைக்கிறேன். யாருக்கும் இதுவரை தெரிந்ததில்லை.

கரிசல்காரன்:
எல்லாரும் வைத்துக்கொள்வதைப் பற்றியே சொல்கிறீர்கள். நான் கழற்றி வைத்த கதையைச் சொல்கிறேன். பொங்கல் விழா, வழக்கம்போல் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கம். கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வேட்டி வேறு. நண்பனை ஏற்ற வழியில் பெட்ரோல் பங்கில் நின்றபோதே கழற்றி, டேஷ்போர்டு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பங்கில் யாரோ பார்த்திருக்க வேண்டும். விழா முடிந்து வந்தால் பக்கத்துக் கண்ணாடி சுக்குநூறு. மனைவி கையில் பொங்கல் சட்டி, என் காலடியில் கண்ணாடித்தூள்.

போலீஸிடம் சீரியல் எண்ணோடு புகார் கொடுத்தேன். இரண்டு வருடம் ஆகிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், அதை எங்கோ எவனோ பயன்படுத்திவிட்டான் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஹூஸ்டன் வாசி, துப்பாக்கிக்குச் செலவழிக்கிற அன்றே காரில் சீட்டுக் கம்பியோடு கேபிளால் பிணைக்கிற இரும்புப் பெட்டியும் வாங்குங்கள். முப்பது, நாற்பது டாலர்தான்.

ஹூஸ்டன் வாசி:
பெட்டிக்கு இப்போதே ஆர்டர் போட்டுவிட்டேன் அண்ணா. சனிக்கிழமை ரேஞ்சில் பி365, ஷீல்டு பிளஸ் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுடப்போகிறேன். தம்பி சொன்ன ஏழு கஜத்தில்தான். அட்டையைப் படம் எடுத்துப் போடுகிறேன்.