மறு: ரிஸ்க் மார்க்கருக்கு 'இடர்காட்டி' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம கலைச்சொல் பட்டியல்ல 'ரிஸ்க் மார்க்கர்'க்கு, அதாவது நோய் வர வாய்ப்பு கூடுதல்னு காட்டுற அளவுக்கு, 'இடர்காட்டி'ன்னு வைக்கலாம்னு சொல்லியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

அக்கா, பேசாம 'நோய்க்குறி'ன்னே வச்சுட்டா என்னன்னு கேட்டிருந்தீங்க, எனக்கு அது ஒத்துவரலக்கா. நோய்க்குறின்னா காய்ச்சல், இருமல், நெஞ்சுவலின்னு ஆளுக்கே தெரியுற சமாச்சாரம். கொலஸ்ட்ரால் 280ன்னு எகிறி இருக்கிறவரு ஜம்முனு மாடிப்படி ஏறிட்டு இருப்பாரு, ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும், அப்பவும் நோய் வந்தாச்சுன்னு அர்த்தம் இல்ல, வர வாய்ப்பு கூடுதல்னு காட்டுது, அவ்ளோதான். அதான் திசைகாட்டி, நாள்காட்டி வரிசைல 'இடர்காட்டி'. 'இடர்சுட்டி'ன்னும் வைக்கலாம், ஆனா 'சுட்டி'ய கம்ப்யூட்டர்காரங்க மவுசுக்கும் லிங்க்குக்கும் எடுத்துட்டாங்க, அவங்ககிட்ட போய் மல்லுக்கட்ட வேணாம்.

ஐயா கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. 'இடர்க்காரணி' (ரிஸ்க் ஃபேக்டர், நோய் வர காரணமா இருக்கிறது) ஏற்கனவே புழக்கத்துல இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னு. ரெண்டும் வேற ஐயா. அமெரிக்கால ஃப்ராமிங்ஹாம்ங்கிற ஊர்ல 1948ல ஆரம்பிச்சு ஐயாயிரத்துச் சொச்சம் பேர வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்கல்ல, அதுல எச்டிஎல் (ரத்தத்துல கொலஸ்ட்ரால ஏத்திட்டுப் போற துகள்ல ஒரு வகை, பத்திரிகைல 'நல்ல கொழுப்பு'ம்பாங்க) கம்மியா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு ஜாஸ்தின்னு தெளிவா வந்துச்சு. அப்ப எச்டிஎல்ல ஏத்திவிட்டா நோய் குறையணும்ல? டார்செட்ரபிப்னு ஒரு மாத்திரை எச்டிஎல்ல எழுபது சதவீதத்துக்கு மேல ஏத்துச்சு, ஏறத்தாழ 15,000 பேர வச்சு சோதனை நடந்துச்சு, 2006 டிசம்பர்ல பாதியிலயே நிறுத்திட்டாங்க, ஏன்னா மாத்திரை சாப்பிட்ட பக்கம்தான் சாவு அதிகம். அந்த மாத்திரை பிரஷரையும் ஏத்துச்சுங்கறது வேற கதை, ஆனா பின்னாடி வந்த அதே வகை மாத்திரைங்கள்லயும் எச்டிஎல் ஏறுனதால மட்டும் பெருசா ஒண்ணும் கிடைக்கல. ஆக எச்டிஎல் வெறும் காட்டிதான், காரணின்னு சொல்ல ஆதாரம் பத்தல.

இன்னொரு வகைத் துகள் எல்டிஎல், 'கெட்ட கொழுப்பு'ம்பாங்களே, அதோட கதை அப்படி இல்ல. ரத்தத்துல இருந்து எல்டிஎல்ல செல்லுக்குள்ள இழுக்குற ஏற்பி (ரிசப்டர்) பிறவியிலயே வேலை செய்யாத பிள்ளைங்களுக்கு பத்துப் பதினஞ்சு வயசுலயே மாரடைப்பு வருது. அந்த ஏற்பியக் கண்டுபிடிச்சதுக்குத்தான் விஞ்ஞானிங்க பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985ல நோபல். நேர்மாறா, மரபணு மாத்தத்தால எல்டிஎல் பிறந்ததுல இருந்தே கம்மியா இருக்கிறவங்களுக்கு இதய நோயும் கம்மி. எல்டிஎல்ல ஸ்டேட்டின் மாத்திரை போட்டு குறைச்சாலும் மாரடைப்பு குறையுது. இது காட்டியும்தான், காரணியும்தான். காரணி எல்லாம் காட்டியா இருக்கலாம், காட்டி எல்லாம் காரணி ஆகாது, இந்த வித்தியாசத்த தமிழ்ல எழுதுறப்ப தொலைச்சோம்னா 'எச்டிஎல்ல ஏத்த பத்து வழி'ன்னு கட்டுரை போட்டுக்கிட்டே இருப்பாங்க.

அடுத்தது 'கொழுப்பு'. லிப்பிட் (இந்த வகைப் பொருள் எல்லாத்துக்கும் பொதுப்பேர்), ஃபேட், கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல ஓடுற இன்னொரு வகை) நாலுக்கும் பத்திரிகைல இந்த ஒரே சொல்தான், போதாக்குறைக்கு திமிருக்கும் அதே சொல். லிப்பிடுக்கு 'கொழுமியம்' ஏற்கனவே சிலர் எழுதுறாங்க, அத எடுத்துக்கலாம், கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடையும் அப்படியே விட்ரலாம்ங்கிறது என் கட்சி. ஆனா 'நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு' மட்டும் வேணவே வேணாம். உள்ள இருக்கிற கொலஸ்ட்ரால் ரெண்டுலயும் ஒண்ணுதான், ஏத்திட்டுப் போற துகள்தான் வேற. அந்தத் துகளுக்குப் பேரு லைப்போபுரோட்டீன், அதுக்கு 'கொழுமிய ஊர்தி'ன்னு வைக்கலாமான்னு தோணுது. புரதம்ங்கிற சொல் விழுந்துடுதேன்னு சண்டைக்கு வருவீங்க, தெரியும், ஆனா அது செய்யுற வேலை பேர்லயே வந்துடுதுல்ல.

இது சும்மா பேர் ஆசை இல்ல, லேப் ரிப்போர்ட்டப் பாருங்க. மொத்த கொலஸ்ட்ரால் 198, எச்டிஎல் 32, ட்ரைகிளிசரைடு 260ன்னு வைங்க. நிறைய லேப்ல எல்டிஎல்ல நேரா அளக்குறது இல்ல, 1972ல ஃப்ரீட்வால்ட் குழு போட்ட கணக்குதான், ட்ரைகிளிசரைட அஞ்சால வகுத்தா 52, 198ல இருந்து 32ஐயும் 52ஐயும் கழிச்சா 114. பாக்குறவங்க எல்டிஎல் 114தானேன்னு நிம்மதியா போயிடுவாங்க. (ட்ரைகிளிசரைடு 400 தாண்டுனா அந்தக் கணக்கே செல்லாது.) ஆனா மொத்தத்துல எச்டிஎல்ல மட்டும் கழிச்சா 166, எச்டிஎல் இல்லாத மத்த எல்லா துகள்லயும் இருக்கிற கொலஸ்ட்ரால் அது, ஒண்ணும் நல்ல எண் இல்ல. ட்ரைகிளிசரைடு ஜாஸ்தி, எச்டிஎல் கம்மி, எல்டிஎல் சுமாருங்கிற இந்த அமைப்பு நம்ம தெற்காசிய ஆளுங்ககிட்ட சகஜம், இதுல எல்டிஎல் துகள் ஒவ்வொண்ணும் சின்னதா, கொலஸ்ட்ரால் கம்மியா ஏத்திக்கிட்டு, எண்ணிக்கைல நிறைய இருக்கும். தமனிச் சுவருக்குள்ள நுழைஞ்சு மாட்டிக்கிறது துகள்தான், அதனால சுமைய அளக்குறதவிட ஊர்திய எண்ணுறது மேல். அப்போ-பிங்கிறது துகள்மேல இருக்கிற ஒரு புரதம், அந்த டெஸ்ட் அததான் செய்யுது, ஒரு எல்டிஎல் துகளுக்கு ஒரே ஒரு அப்போ-பி. 'ஊர்தி எண்ணிக்கை'ன்னு தமிழ்ல எழுதுனா டெஸ்ட் எதுக்குன்னு பக்கம் பக்கமா விளக்க வேண்டியது இல்ல.

எல்பி-ஏ பத்தி தம்பி கேட்டிருந்தாரு, எல்டிஎல் மாதிரியே இன்னொரு ஊர்தி அது. நார்வேல கோரே பெர்க் 1963ல கண்டுபிடிச்சது, அளவு பெரும்பாலும் பிறப்புலயே முடிவாயிடுது, சாப்பாட்டாலயோ நடைப்பயிற்சியாலயோ பெருசா அசையாது, அதனால வாழ்நாள்ல ஒரு தடவை பாத்தாலே பெரும்பாலும் போதும். மரபணு ஆய்வுகள்படி இதுவும் காரணிதான். 'பிறவி ஊர்தி'ன்னு அவர் குடுத்தது காதுக்கு நல்லா இருக்கு, ஆனா எல்டிஎல் கூட சிலருக்கு பிறவிலயே ஏறி இருக்கே தம்பி, குழம்பிடும். இப்போதைக்கு எல்பி-ஏன்னே இருக்கட்டும்.

ஆக பட்டியல்ல நான் சேர்க்கச் சொல்றது இடர்காட்டி, இடர்க்காரணி, கொழுமியம், கொழுமிய ஊர்தி. கடைசிதுக்குத்தான் எதிர்ப்பு வரும்னு நினைக்கிறேன், டாக்டர்ங்க யாராவது 'கொழுமியப்புரதம்'தான் வேணும்னா காரணத்தோட எழுதுங்க.