மறுமொழி: மொசைக், டெசெரா – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ரோமானியர் காலத்து மொசைக் தரைகளைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துவரும் அம்மையாரின் கேள்விக்கு வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கருத்து: "மொசைக் என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே." எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக இருப்பதுதான் இங்கே சிக்கல்.

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு மொசைக் போட்டபோது எனக்குப் பத்து வயது இருக்கும். சலவைக்கல் பொடிசுகளைச் சிமெண்டோடு குழைத்துக் கொட்டிப் பரப்பினார்கள். இறுகிய பிறகு இயந்திரத்தை வைத்துத் தேய்த்தார்கள். நீர்மோர் போல வெள்ளைக் குழம்பு வாசற்படி வரை ஓடியது. அந்தத் தரையில் எந்தக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. விழுந்த கல் விழுந்த இடத்தில் நின்றது. தமிழ்நாட்டில் மொசைக் தரை என்றால் இதுதான். இத்தாலியர்கள் இதை டெராட்சோ என்கிறார்கள்.

ரோமானியத் தரை அப்படிப்பட்டதல்ல. இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய நகரமான பொம்பேயில் 1831இல் கிடைத்த, கற்களால் ஆன அலெக்சாந்தர் போர்க் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 15 லட்சம் கற்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். கீழே விழுந்து கிடக்கும் பாரசீக வீரன் ஒருவனின் முகம் பளபளக்கும் கேடயத்தில் தெரிகிறது. அந்த நிழல்முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் கையில் எடுத்து, நிறம் பார்த்து, இடம் பார்த்து வைத்த கல். 'பொம்பேயின் மொசைக் தரை' என்று எழுதினால் நம் வாசகர் தம் வீட்டுக் கூடத்தைத்தான் நினைத்துக்கொள்வார். ஆகவே தமிழில் ஒரு சொல் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எங்கிருந்து தொடங்குவது? மொசைக் என்ற சொல்லை விட்டுவிட்டு, அதன் அணுவான டெசெராவில், அதாவது பதிக்கும் ஒவ்வொரு சிறு துண்டில், தொடங்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல சொல் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே பின்னால் வரும்.

'நாற்கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். டெசெரா என்பதன் வேர் கிரேக்க மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்தான். நான்கு மூலை உடையது என்று பொருள். ஆனால் வளைவு வரும் இடத்தில் முக்கோணமாகவும் ஆப்பு வடிவிலும் கல் வெட்டுவார்கள். அங்கெல்லாம் இந்தச் சொல் இடறும். 'சில்லு' பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அகழாய்வு அறிக்கைகளில் வட்டச் சில்லு என்பது விளையாட்டுக்காகத் தேய்த்த பானை ஓட்டைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. கணினித் துறையும் அதை எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்து நண்பர் நினைவூட்டியது போல, ஈழத்தில் சில்லு என்றால் சக்கரம். இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சில்லு என்பது எதிலிருந்தோ உடைந்து சிதறியது. டெசெராவோ, மரக்கட்டையில் கூர்விளிம்பு மேல்நோக்கி இருக்கும்படி நட்ட உளியின்மேல் கல்லை வைத்து, சுத்தியால் தட்டி, வேண்டிய வடிவத்தில் எடுப்பது. புலவர் ஐயா எடுத்துத் தந்த 'குயிற்று' மணி பதித்தலைக் குறிக்கும் அழகான பழஞ்சொல்தான். ஆனால் இன்றைய வாசகருக்கு அது குயிலை நினைவூட்டிவிடும். 'கற்பதிப்பு' என்றாலோ அச்சுக்கூடத்தின் வாசனை வருகிறது.

நான் முன்வைப்பது பதிகல்.

இது வினைத்தொகை. பதித்த கல், பதிக்கின்ற கல், பதிக்கும் கல் மூன்றும் இதில் அடங்கும். இந்தத் துறைக்கு அது மிகவும் தேவை. தரையில் நிற்கும் கல், கைவினைஞர் பக்கத்தில் குவித்து வைத்திருந்த கல், பெயர்ந்து போய் இன்று அருங்காட்சியக இழுப்பறையில் தனியே கிடக்கும் கல், எல்லாவற்றுக்கும் ஆய்வாளர்கள் டெசெரா என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடியிலும் சுட்ட மண்ணிலும் டெசெரா உண்டே, அதைக் கல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நம் வீடுகளில் 'கல் வைத்த தோடு' என்கிறோம். அந்தக் கல் பல நேரம் கண்ணாடிதான். பதித்த எதையும் கல் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இனி மற்றவை. ரோமானிய மொசைக் வகைகளின் பெயர்களில் வரும் ஓபுஸ் என்றால் இலத்தீனில் வேலை. மர வேலை, நகை வேலை போலப் 'பதிகல் வேலை' என்று சொன்னால் மொசைக் முழுவதற்கும் பொருந்தும். உருவம் இருந்தால் பதிகல் ஓவியம், தரையானால் பதிகல் தரை. புணர்ச்சி விதிப்படி 'பதிகற்றரை' என்றுதான் வர வேண்டும் என்று தமிழாசிரியர்கள் திருத்துவார்கள். படிப்பவர் தடுமாறாமல் இருக்கப் பிரித்தே எழுதுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓபுஸ் வெர்மிகுலாட்டும் என்ற வகையின் பெயர் புழுப்போல நெளியும் வரிசை என்ற பொருளில் வந்தது. 'நெளிவரிப் பதிகல்' போதும். ஓபுஸ் செக்டிலே வகையில் சலவைக்கல்லைத் தகடுகளாக அறுத்து, வடிவம் வெட்டிப் பொருத்துவார்கள். அதை 'வெட்டுக்கல்' என்று எழுதக்கூடாது. குமரி மாவட்டத்தில் அது வீடு கட்டும் கல். 'தகட்டுக்கல் வேலை' என்பது என் பரிந்துரை.

தரைக்கு அடியில் உள்ள அடுக்குகளுக்குத்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் கட்டடக் கலை பற்றிய தம் நூலின் ஏழாம் பகுதியில் தரை போடும் முறையைச் சொல்கிறார். முதலில் கை நிறையும் அளவுக்குக் குறையாத கற்கள். அதன்மேல் மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இடித்து முடித்தபின் முக்கால் அடி கனம். அதற்கும் மேலே மூன்று பங்கு சுட்டமண் தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு விரல் கனம். இந்த மூன்றாவது அடுக்குக்கு நியூக்ளியஸ் என்று பெயர். அம்மையார் 'கரு அடுக்கு' என்று எழுதியிருக்கிறார். சுட்ட செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நம் பழைய கொத்தனார்கள் வாயில் அது சுர்க்கி. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி எழுதும் எல்லாரும் பயன்படுத்தும் சொல்தானே! கல்லடுக்கு, சல்லிப் படுகை, சுர்க்கிப் படுகை என்று எழுதினால் கட்டட வேலை தெரிந்த யாரும் படித்தவுடன் புரிந்துகொள்வார். கற்களை நேரடியாகத் தாங்கும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு 'பதிசாந்து'. பதிகல், பதிசாந்து என்று இரண்டும் சோடியாக நிற்கும்.

இந்த அடுக்குகளுக்குப் பெயர் ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு லோத் நகரத் தரையைச் சொல்வேன். 1996இல் இஸ்ரேலில் கண்டெடுக்கப்பட்டது, ஏறத்தாழ கி.பி. 300ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2009இல் அதைப் பெயர்த்தெடுத்தபோது கீழே சாந்தில் காலடித் தடங்கள் தெரிந்தன. வெறுங்காலும் இருந்தது, செருப்புக்காலும் இருந்தது. ஈரச் சாந்தில் நடந்து வேலை செய்தவர்களின் கால்கள். ஓவியத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

பேணும் துறைக்குரிய சொற்களில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பதிகல் தரையைச் சோதிப்பவர் முழங்காலிட்டு, விரல் முட்டியாலோ சிறு சுத்தியாலோ மெல்லத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான இடத்தில் ஓர் ஓசை, அடியில் பிடிப்பு விட்ட இடத்தில் வேறோர் ஓசை. அந்த உள்வெற்றிடத்துக்கு 'வெற்றிடம்' என்பதைவிடப் புரை சிறந்தது. புரையோடிய பல், புரையோடிய மரம் என்கிறோம். மேலே நன்றாகத் தெரிந்து உள்ளே அரித்துப்போன நிலை அது. அந்தப் புரைக்குள் நீர்த்த சுண்ணாம்புச் சாந்தை ஊசிக்குழல் வழியாகச் செலுத்துவதற்குப் 'புகட்டல்' என்பேன். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போலச் சிறிது சிறிதாக, உள்ளே போகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை.

கற்கள் உதிர்ந்துபோன பகுதி 'இழப்பிடம்'. தோண்டிய தரையைப் பாதுகாப்பதற்காகவே மீண்டும் மூடுவதை 'மறுபுதைப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். அது பிணத்தை நினைவூட்டுகிறது. 'மண்மூடிக் காத்தல்' என்று மாற்றலாம். பெயர்த்தெடுத்தலும் இருந்த இடத்திலேயே பேணுதலும் எதிர்ச்சொற்களாக நிற்கட்டும். முன்பெல்லாம் துணியை ஒட்டித் தரையைப் பெயர்த்து, இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் பலகையில் ஏற்றிவிடுவார்கள். கம்பி துருப்பிடித்து உப்பியதும் கான்கிரீட் வெடித்து, கற்களும் உடைந்தன. இதையெல்லாம் கண்ட பிறகுதான், இருக்கும் இடத்திலேயே சுண்ணாம்புச் சாந்தால் பேணும் முறை வலுப்பெற்றது. மொசைக் பேணுகைக்கான பன்னாட்டுக் குழு 1977இல் ரோமில் உருவானது. அந்தப் பெயரில் உள்ள 'கன்சர்வேஷன்' என்ற சொல்லையும் 'பாதுகாப்பு' என்று எழுதாமல் 'பேணுகை' என்றே எழுதுவோம். பாதுகாப்பு என்றால் வாசலில் காவலர் நிற்பதும் அடங்கிவிடும்.

எனக்கே நிறைவில்லாத சொல் ஒன்று மீதி இருக்கிறது. ஒரு மீனை வரைந்தால், அதைச் சுற்றியுள்ள வெள்ளைக் கற்கள்கூட மீனின் விளிம்பை ஒட்டியே ஓரிரு வரிசை வளைந்து சென்று, பிறகுதான் நேர்வரிசையாகும். வரிசைகளின் இந்தப் போக்கை இத்தாலியில் அந்தமெந்தோ என்கிறார்கள். நீரோட்டம் போலக் 'கல்லோட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். கல் எப்படி ஓடும் என்று வீட்டில் கேட்கிறார்கள். கோலம் போடுகிறவர்கள், பாய் முடைகிறவர்கள், நகை வேலை செய்கிறவர்கள் வழக்கில் இதற்கு ஒரு சொல் இருந்தால் எழுதுங்கள், என்னுடையதை விட்டுவிடுகிறேன்.