பி.எம். கிசான் 2000 ரூபாய்: எதற்கு ஆகும், ஏன் நிற்கும்?

கேள்வி: மத்திய அரசின் பி.எம். கிசான் உழவர் உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய், மூன்று தவணை. ஒரு ஏக்கர் நெல் போடும் வீட்டுக்கு இதில் என்ன ஆகும்? சிலருக்குப் பாதியில் நின்றுவிடுகிறதே?

பதில் 1: டிஏபி உர மூட்டை 1350 ரூபாய், 45 கிலோ யூரியா 266.50. ஒரு டிஏபி, இரண்டு யூரியா எடுத்தால் 1883. மிச்சம் வண்டி வாடகைக்கு. உழவு, நடவுக் கூலிக்கெல்லாம் எட்டாது. ஆனால் உரக்கடையில் கடன் சொல்லாமல் அடியுரம் போடலாம், அதுவே பெரிசு. சிக்கல் என்னவென்றால், ஆகஸ்ட்–நவம்பர் தவணை அந்த நாலு மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் விழும், நாற்று காத்திருக்காது.

பதில் 2: பணம் நின்றால் முதலில் இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடிந்ததா பாருங்கள். ஓடிபி வராவிட்டால் இ-சேவை மையத்தில் கைரேகை. ரேகை தேய்ந்திருந்தால் பி.எம். கிசான் செயலியில் முகம் காட்டலாம். அடுத்து, கடைசியாக ஆதார் இணைத்த வங்கிக்குத்தான் பணம் போகும். பழைய பாஸ்புக்கில் தேடினால் கிடைக்காது.

பதில் 3: பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வைத்து மாற்றுங்கள். சொந்த நிலமில்லாத குத்தகைக்காரருக்குக் கிடையாது. உழுகிறவருக்கே இல்லாத உழவர் உதவி!