இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பழைய தெருக்களை அழித்தது குண்டா, நகராட்சியா?

பழையதெரு: "கோவென்ட்ரியின் இடைக்காலத் தெருக்கள் எல்லாம் ஜெர்மன் குண்டில் போனவை" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. புட்சர் ரோவை இடித்தது எந்த விமானம்? ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பக்கத்தில் மரச்சட்ட வீடுகள் நெருங்கி நின்ற சந்து அது. 1936இல் நகராட்சியே இடித்தது. மறுவருடம் அங்கே டிரினிட்டி ஸ்ட்ரீட் திறந்தார்கள். போர் தொடங்கியது 1939இல்.

வான்வழி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். 1940 நவம்பர் 14 இரவு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செயின்ட் மைக்கேல் பேராலயத்தில் கோபுரமும் வெளிச்சுவரும்தான் மிஞ்சின. நகர மையமான பிராட்கேட் சுற்றுவட்டாரமே எரிந்தது. நீங்கள் ஒரு சந்துக்கு அழுகிறீர்கள்.

பழையதெரு: ஒரு சந்தா? கூடவே லிட்டில் புட்சர் ரோவும் போனது. அதற்கும் முன்னால், 1931இல், கார்ப்பரேஷன் ஸ்ட்ரீட் என்ற புதுச்சாலையைத் திறந்தார்கள். சைக்கிள், கார் தொழிற்சாலைகளால் ஊர் பெருத்தது, அகலச் சாலை கேட்டார்கள், பழைய வீடுகளைப் பலி கொடுத்தார்கள். புட்சர் ரோ, 1936. குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றுகோபுரம்: அந்தச் சந்துகளில் பஸ் எப்படிப் போகும் ஐயா? போருக்குப் பிறகு கார் நுழையாத கடைவீதி கட்டிய ஊர் இது. அங்கே நின்று பார்த்தால் செயின்ட் மைக்கேல் கோபுரம் நேராகத் தெரியும். நகராட்சியின் கட்டடக் கலைஞர் டொனால்ட் கிப்சன் யோசித்துப் போட்ட திட்டம். எனக்கு அதில் பெருமைதான்.

பழையதெரு: அதே கிப்சன் குழு புதுநகரக் கண்காட்சி வைத்தது 1940 மே மாதம். குண்டு விழுந்தது நவம்பரில். இடிக்கும் ஆசை முன்பே இருந்தது.

வான்வழி: காகிதத்தில் வரைந்தால் வீடு இடிந்துவிடுமா? நவம்பர் 14 பற்றி ஒரு வரி பதில் சொல்லுங்கள்.

பழையதெரு: நீங்கள் 1936க்குச் சொல்லுங்கள், நான் அதற்குச் சொல்கிறேன்.

தறிக்காரன்: ஸ்பான் ஸ்ட்ரீட்டில் மரச்சட்ட வீடுகள் இன்னும் நிற்கின்றனவே?

பழையதெரு: அதில் பல, மச் பார்க் ஸ்ட்ரீட் போன்ற தெருக்களில் இருந்து கழற்றி வந்து நட்டவை. அந்த ஸ்பான் ஸ்ட்ரீட்டையே இரண்டாக வெட்டியது நகர மையத்தைச் சுற்றிப் போட்டு 1974இல் முடிந்த ரிங் ரோடு. அதுவும் ஹிட்லர் போட்டதா?

தறிக்காரன்: கழற்றிக் காப்பாற்றியதும் குற்றமா? யார்க் நகரம் பற்றிய விவாதத் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள். யார் வாய் திறந்தாலும் ஒரு வருடத்தைத் தூக்கிப் போடுவது.

பழையதெரு: யார்க் திரியில் கடைசியில் யார் காணாமல் போனார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தறிக்காரன்: எனக்கு வேலை இருந்தது.

மூன்றுகோபுரம்: அப்புறம், ரிங் ரோட்டைக் குறை சொல்பவர்கள் காலையில் அந்த ஊருக்குள் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும்.

பழையதெரு: பேச்சை மாற்ற வேண்டாம். புட்சர் ரோ. 1936.

வான்வழி: நவம்பர் 14.