புதுப்பிப்பு: சாமை ஆய்வாளர்களின் ஆன்லைன் கூட்டம் நடந்து முடிந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: காட்பாடி, ஜவ்வாதுமலை, லண்டன், கலிபோர்னியா என்று சிதறிக் கிடக்கும் ஆய்வாளர்களை இரண்டு நாள் ஜூமில் எப்படி உட்கார வைப்பது என்று. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. நேரலையில் கேள்வி பதில் மட்டும்தான். நம்ம நேரப்படி இரவு 7 மணி; கலிபோர்னியாவில் காலை 6:30, பாவம், கொட்டாவியோடு வந்தார்கள். ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூர் நண்பர் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினார். சிக்னல் அவ்வளவுதான்.

சொதப்பல் என்னுடையது. சனி, ஞாயிறு என்று நாள் குறித்தேன். அது மார்ச் கடைசி ஞாயிறு. பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள்! அழைப்பில் இரண்டு நாளுக்கும் 'லண்டன் 1:30' என்றே எழுதியிருந்தேன். ஞாயிறன்று அது 2:30 ஆகிவிட்டது. லண்டன்காரர்கள் ஒரு மணி நேரம் முன்பே வந்து காத்திருந்தார்கள். இனி யூடிசி (உலகப் பொது நேரம்) நேரமும் சேர்த்துப் போடுவேன்.

அப்புறம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ரவுட்டர் மட்டும் செத்துக் கிடக்கிறது. அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. "கோ-ஹோஸ்ட் ஒருத்தரைப் போட்டு வையுங்கண்ணே" என்று, அதாவது கூட்டத்தை நடத்தத் துணைக்கு ஒருத்தரை வைக்கச் சொல்லி, இங்கே ஒரு தம்பி சொன்னது அப்போதுதான் காப்பாற்றியது. நான் போனில் திரும்பி வருவதற்குள் அந்த கோ-ஹோஸ்ட் மூன்று கேள்விகளை முடித்திருந்தார்.